கோடையில் புல்தரை: கரோல் பாகின் மண்ணும் நீரும் விதையும்

மே மாதம் பிறந்ததும் டெல்லி கரோல் பாகின் குடியிருப்புப் பூங்காக்களிலும் பள்ளி வளாகங்களிலும் வீட்டு முற்றங்களிலும் ஒரே பேச்சு: புல்தரை திட்டுத்திட்டாக வழுக்கை விழுந்துவிட்டது, என்ன செய்வது? பெரும்பாலும் எடுக்கப்படும் முடிவும் ஒன்றுதான். தூப் விதை வாங்கி வந்து தூவிவிடுகிறார்கள். டெல்லித் தோட்டக்காரர்களான மாலிகள் தூப் என்று சொல்வது நம் அருகம்புல்லை. அருகு வெப்பத்தில் செழிக்கும் புல், ஆகவே வெயில் காலமே விதைக்க ஏற்ற காலம் என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. அந்த நியாயத்தில் பாதி உண்மை. மீதிப் பாதியால் விதையும் தண்ணீரும் தோட்டக்காரரின் உழைப்பும் வீணாகின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரோல் பாகில் மே, ஜூன் மாதங்களில் அருகம்புல் விதைக்கக் கூடாது. ஜூலை முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை விதைக்கலாம். விதையைவிடத் தண்டின் கணுவை நடுவது மேல். பல இடங்களில் இரண்டுமே தேவைப்படாது.

வளர்ந்த அருகுக்கும் அதன் விதைக்கும் வெயிலோடு உள்ள உறவு வேறு வேறு. கரும்பு, சோளம், கேழ்வரகு போல அருகும் சி-4 வகைத் தாவரம். ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இரு அறிஞர்கள் கரும்பை ஆராய்ந்து 1966-இல் விளக்கிய ஒளிச்சேர்க்கை முறை அது. இந்த வகைத் தாவரங்கள் கடும் வெயிலிலும் கரியமில வாயுவைச் சிக்கனமாகப் பிடித்துக்கொள்ளும். குறைந்த தண்ணீரில் அதிக உணவு தயாரிக்கும். அருகு மிக வேகமாக வளர்வது காற்றின் வெப்பம் 27 முதல் 35 டிகிரி வரை இருக்கும்போது. அதற்கு மேல் போனாலும் அது சாவதில்லை. வேர் ஒரு மீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடியது. மண்ணுக்கு மேலே ஒரு தண்டு ஓடும், அடியில் இன்னொரு தண்டு ஓடும். மேலே எல்லாம் காய்ந்து சருகானாலும் அடித்தண்டில் இருக்கும் மொட்டுகள் வாரக்கணக்கில் உறங்கிக் கிடந்து மழை பட்டதும் துளிர்க்கும்.

விதைக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. உமி நீக்கிய அருகம்புல் விதை ஒரு கிராமில் சுமார் 4000 இருக்கும். அவ்வளவு சின்ன விதைக்குள் சேமிப்பு என்று சொல்ல அதிகம் இல்லை. முளைப்பதற்கு வெளிச்சமும் தேவை என்பதால் ஆழப் புதைக்க முடியாது, அரை சென்டிமீட்டருக்குள்தான் விதைக்க வேண்டும். முளைவிட்ட முதல் சில நாட்களில் வேர் சில மில்லிமீட்டர் நீளம்தான். அந்த மேல்மண் ஒரே ஒரு பிற்பகல் காய்ந்தாலும் நாற்று போய்விடும். டெல்லியின் மே மாதப் பிற்பகலில் வெறும் மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிச் சுடுகிறது. மேற்கிலிருந்து வீசும் லூ என்னும் வறண்ட அனல்காற்று காலையில் ஊற்றிய தண்ணீரை நண்பகலுக்குள் உறிஞ்சிவிடுகிறது.

விதைப் பரிசோதனைக் கூடங்களில் அருகம்புல் விதையை முளைக்கவைக்க நாளின் ஒரு பகுதி 20 டிகிரியிலும் மறு பகுதி 35 டிகிரியிலும் மாற்றி மாற்றி வைப்பது வழக்கம். டெல்லியில் மே மாதச் சராசரி உச்ச வெப்பம் ஏறக்குறைய 40 டிகிரி. ஜூலையில் அது 35 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. இரவில் 27 டிகிரியளவு, காற்றில் ஈரம், மேகத்தின் நிழல். டெல்லியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஜூலை, ஆகஸ்ட் இரண்டே மாதங்களில் பெய்கிறது. கூடத்தில் செயற்கையாக உண்டாக்கும் சூழலை வானமே ஏறக்குறைய இலவசமாகத் தரும் காலம் அது.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதில் தடுமாறுவது இயல்பு. அரசு வேலைக்கு வந்த தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி கரோல் பாக். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று பக்கத்தில் பூசா சாலையில்தான் இருக்கிறது. சென்னை வெயிலில் புல் பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இங்கே ஏன் பிடிக்காது என்று தோன்றும். சென்னையின் கத்திரி வெயில் கொடியது. ஆனாலும் பெரும்பாலான நாட்களில் நண்பகலுக்குப் பின் கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது, மேல்மண் அவ்வளவு விரைவாகக் காய்வதில்லை. குளிர்காலத்தில் புல் உறங்குவதும் அங்கே கிடையாது, விதைத்தது எப்போது தேறினாலும் நட்டமில்லை. டெல்லிப் புல் நவம்பருக்குள் வேரூன்றியாக வேண்டும்.

2024-ஆம் ஆண்டு டெல்லிக் கோடை இந்த விஷயத்துக்கு நல்ல சான்று. மே 29 அன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. 1945-க்குப் பிறகு அங்கே அவ்வளவு வெயில் பதிவானதில்லை. அதே நிலையத்தில் ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த மே மாதத்தில் ஒருவர் புல் விதைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். முளைத்த நாற்றில் பெரும்பகுதி அனலில் கருகியிருக்கும். முளைக்காமல் தங்கிய விதையை ஒரு மாதம் கழித்து வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும். பருவமழையின் முதல் பெருமழைக்கு முன்னால் வெறும் மண்ணில் விதையைக் கிடத்துவது இந்த இரண்டு ஆபத்துக்கும் அதை ஆளாக்குவதாகும். பருவமழை டெல்லியை எட்டும் வழக்கமான நாள் ஜூன் 27-ஐ ஒட்டியது. ஒரு பெருமழை பெய்து மண் அடங்கிய பிறகு விதைப்பவர் இரண்டிலிருந்தும் தப்பிக்கிறார்.

அந்தக் கோடையில் நகரம் குடிநீருக்குத் தவித்தது. ஹோஸ் பிடித்துக் குழாய் நீரில் கார் கழுவினாலும் மேல்தொட்டி நிரம்பி வழியவிட்டாலும் 2000 ரூபாய் அபராதம் என்று டெல்லி அரசு அறிவித்தது. இந்தப் பின்னணியில் புல்தரைக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். வேரூன்றிய அருகுக்கு டெல்லிக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் போல வேண்டும், 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர். விதைத்த நிலத்தின் மேல்மண்ணை இடைவிடாமல் ஈரமாக வைத்திருக்க அதைப்போல் இரு மடங்காவது ஆகும், ஏனென்றால் திறந்த தொட்டியிலேயே அந்நாட்களில் 10 மில்லிமீட்டருக்கு மேல் ஆவியாகிறது. நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டின் குடிநீர்த் திட்ட அளவு. அப்படியானால் 100 சதுர மீட்டர் விதைப்பு ஏழு பேரின் தண்ணீரைக் குடிக்கிறது, அதுவும் மூன்று வாரம் தொடர்ந்து. அக்கம்பக்கத்தில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு மக்கள் வரிசையில் நிற்கும்போது இதைச் செய்ய எவருக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான எண்ணம். சுத்திகரித்த கழிவுநீர் கிடைத்தால் கதை வேறு. அதில் உப்பு இருந்தாலும், உப்பைத் தாங்கும் புற்களில் அருகு முன்வரிசையில் இருக்கிறது. டெல்லியின் உவர் நிலத்தடி நீரையும் வளர்ந்த அருகு பொறுத்துக்கொள்ளும். முளைவிடும் விதைக்கு அந்தப் பொறுமை குறைவு.

விதைக்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, புல் உண்மையிலேயே செத்துவிட்டதா என்பது. டெல்லியில் அருகு ஆண்டுக்கு இரண்டு முறை செத்ததுபோல் தோற்றம் தருகிறது. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டமும் குளிரும் சேர்ந்து அதைப் பழுப்பாக்குகின்றன. பிப்ரவரி கடைசியில் தானாகவே பச்சை திரும்பும். மே, ஜூனில் தண்ணீர் போதாமல் மறுபடி காய்கிறது. இரண்டும் உறக்கம்தான். ஒரு கைப்பிடித் தண்டை மண்ணோடு பெயர்த்து நகத்தால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளே வெளிர் பச்சையோ பால்வெள்ளையோ தெரிந்து தண்டு வளைந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி மொடமொடவென்று ஒடிந்தால் போய்விட்டது. உயிருள்ள தரையில் சதுர மீட்டருக்கு நாலைந்து இடத்தில் பச்சைத் தண்டு இருந்தால்கூட, மழைக்குப் பிறகு அதுவே ஓடிப் பரவி மூடிவிடும். அருகுபோல் வேரோடி வாழ வேண்டும் என்று மணமக்களை வாழ்த்தும் நம் பெரியவர்கள் இந்தப் புல்லின் இயல்பைக் கண்ணாரக் கண்டவர்கள்.

உண்மையிலேயே செத்த இடமென்றால் ஏன் செத்தது என்று பார்க்காமல் விதைப்பது பயனற்றது. கரோல் பாகில் இதற்கு நிலத்தின் வரலாறே ஒரு காரணம். புதுடெல்லி எழும்பிய 1920-களில், இப்போதைய கன்னாட் பிளேஸ் பகுதிக்காக மாதோகஞ்ச், ஜெய்சிங் புரா, ராஜா கா பஜார் ஆகிய ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டு இங்கே குடியேறினார்கள். அப்போது கரோல் பாக் பாறையும் முட்புதரும் மண்டிய இடம். ஆரவல்லி மலைத்தொடரின் வால்நுனியான ரிட்ஜ் காடு இன்றும் அதன் ஓரத்தில் நிற்கிறது, நம் ஊர்ச் சீமைக் கருவேலம் அங்கேயும் மண்டிக் கிடக்கிறது. புதுடெல்லியின் மரங்களையும் புல்வெளிகளையும் அமைத்தவர்களில் முக்கியமானவர் டபிள்யூ. ஆர். மஸ்டோ என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை வல்லுநர். பரந்த புல்வெளிகள் ஒரு பக்கம் உருவாக, அந்த நகரத்துக்காக ஊரை இழந்தவர்களுக்குக் கிடைத்தது இந்தக் கல்மேடு. 1947-க்குப் பிறகு பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் அகதிகள் வந்து சேர்ந்து, வீடுகள் நெருங்கி, ஒவ்வொரு மனையும் பல முறை இடித்துக் கட்டப்பட்டது. அதனால் இங்கே புல்தரையின் அடியில் பெரும்பாலும் இருப்பது மெல்லிய மண்போர்வை, அதற்குக் கீழே மல்பா என்று டெல்லிக்காரர்கள் சொல்லும் கட்டட இடிபாடு. செங்கல் தூளும் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த அந்த மண்ணில் காரத்தன்மை கூடுகிறது, வேர் இறங்க இடமில்லை. கம்பியைக் குத்திப் பாருங்கள். 15 சென்டிமீட்டருக்குள் கல்லில் இடித்தால் விதை அங்கே எத்தனை முறை தூவினாலும் அடுத்த கோடையில் அதே இடம்தான் முதலில் காயும். இடிபாட்டை அள்ளிவிட்டு 15 முதல் 20 சென்டிமீட்டர் நல்ல மண்ணும் மட்கிய தொழு உரமும் நிரப்புவதுதான் வழி. செலவு விதையின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும் என்பதால் எல்லோரும் தவிர்க்கும் வேலை இது.

இன்னொரு காரணம் நிழல். அருகுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர் வெயில் வேண்டும். கரோல் பாகில் நாலு மாடிக் கட்டடங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. நடுவில் இருக்கும் சின்னப் பூங்காவில் வேம்பும் அரசும் குடை விரித்திருக்கின்றன. அங்கே புல்லுக்காக மரத்தின் மேல் கை வைக்கத் துணிகிறவர்கள் உண்டு. டெல்லியில் மரம் வெட்ட 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் 46 டிகிரி வெயிலில் ஒரு வேப்பமர நிழலை விட்டுக்கொடுத்துப் புல் வளர்ப்பது அறிவுடைமை ஆகாது. மரத்தடியில் சருகை மூடாக்காகப் போட்டு விட்டுவிடலாம், நிழல் தாங்கும் செடிகளை நடலாம்.

மரத்தடியையும் வழுக்கைத் திட்டுகளையும் டைல்ஸ் போட்டு மூடிவிடுவது இப்போது பரவிவரும் தீர்வு. இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது, இருப்பதை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லிக்கு உத்தரவிட்டது. 2024 ஜூலை 27 அன்று கரோல் பாகை அடுத்த பழைய ராஜேந்திர நகரில், ஒரு பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழை வெள்ளம் புகுந்து, குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று பேர் இறந்தார்கள். அடித்தளத்தை விதிக்கு மாறாகப் பயன்படுத்தியது, வடிகால் குறைபாடு என்று அதற்குக் காரணங்கள் உண்டு, ஒரு புல்தரை அதைத் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மழை மண்ணுக்குள் இறங்க வழியில்லாத பகுதியில் எஞ்சியிருக்கும் திறந்த மண்ணின் ஒவ்வொரு சதுர மீட்டரும் விலைமதிப்புள்ளது. புல் இல்லாத மண்ணும் மண்தான், அதை மூடக் கூடாது.

எந்த வகைப் புல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நாற்றங்கால்களில் செலக்‌ஷன் நம்பர் ஒன் என்ற பெயரில் கிடைக்கும் மெல்லிய இலைப் புல், கொரியன் புல், மைதானங்களில் போடும் கலப்பின அருகு இவையெல்லாம் புல்லாகவே நடப்படுபவை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960-இல் வெளியிட்ட டிஃப்வே இத்தகைய கலப்பினங்களில் புகழ்பெற்றது. நம் அருகின் சாதாரண வகைக்கு 36 குரோமோசோம், அதனோடு கலந்த ஆப்பிரிக்கப் புல்லுக்கு 18, பிறந்த கலப்பினத்துக்கு 27. இந்த ஒற்றைப்படை எண்ணால் அதில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. அப்படிப்பட்ட தரையின் வழுக்கையில் சாதாரணத் தூப் விதையைத் தூவினால் முளைப்பது வேறு நிறம், வேறு தடிமன். பின்னர் அதைப் பிரித்தெடுக்கவே முடியாது.

சாதாரண அருகுத் தரைக்குக்கூட நான் கணு நடுவதையே பரிந்துரைப்பேன். ஆரோக்கியமான இடத்திலிருந்து தண்டை எடுத்து, இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்தி நட்டு மிதித்துவிட வேண்டும். ஒரு கணுவில் இருக்கும் உணவுச் சேமிப்பு ஒரு விதையில் இருப்பதைவிடப் பல மடங்கு, ஓரிரு நாள் மண் காய்ந்தாலும் தாங்கும். புல்லைப் பொடியாக நறுக்கி மண், சாணம், சாம்பல், தண்ணீர் சேர்த்துச் சாந்தாகக் குழைத்துத் தரையில் பூசும் முறையும் நம் நாட்டுத் தோட்டக்கலைப் பாடநூல்களில் உண்டு. அது மழைக்காலத்துக்கே பொருந்தும், லூ வீசும்போது பூசினால் ஓடாகக் காய்ந்துவிடும்.

விதைதான் என்று முடிவு செய்தவர்கள் முதலில் நூறு விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்க்கட்டும். இரண்டு வாரத்தில் பாதிகூட முளைக்காவிட்டால் அந்தப் பொட்டலத்தை நம்ப வேண்டாம். பருவமழையின் முதல் மழையில் களை முளைக்கும்வரை காத்திருந்து, கோரையையும் பார்த்தீனியத்தையும் வேரோடு களைந்துவிட்டு விதைப்பது முக்கியம். கோரையைக் கிழங்கு தங்காமல் தோண்டி எடுக்காவிட்டால் புது நாற்றை அது அமுக்கிவிடும். சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் விதையை நாலைந்து மடங்கு மெல்லிய மணலோடு கலந்து, பாதியை நெடுக்காகவும் மீதியைக் குறுக்காகவும் தூவி, முள்வாரியால் லேசாகக் கோதி, உருளையால் அழுத்த வேண்டும். மழை இல்லாத நாளில் பூவாளியால் மட்டும் தண்ணீர், ஹோஸை நேராகப் பிடித்தால் விதை ஒரு மூலைக்குப் போய்ச் சேரும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைப்பு தெரியும். தண்ணீர் தேங்கும் இடத்தில் பூஞ்சை நாற்றழுகல் வரும், சரிவு முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். புல் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்த பிறகு முதல் வெட்டு, அதுவும் நுனியை மட்டும். ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு விதைத்தால் குளிருக்கு முன் வேரூன்றப் போதிய நாள் இருக்காது.

பள்ளித் திறப்பு, திருமணம் என்று ஏதோ ஒரு கட்டாயத்தால் கோடையிலேயே பச்சை வேண்டுமென்றால், வேரும் மண்ணும் சேர்ந்த புல் பத்தைகளை வாங்கி வழுக்கை விழுந்த சிறு இடத்தில் மட்டும் மாலையில் பதிக்கலாம். முதல் பத்து நாள் பச்சை வலையை மேலே கட்டி, பிறகு அவிழ்த்துவிட வேண்டும். நீண்ட நாள் வலைக்குக் கீழே இருந்த அருகு நெட்டையாகி வலுவிழக்கும்.

கடையில் மே மாதமே விதை கிடைக்கும், விற்பவர் இப்போதே போடுங்கள் என்றுதான் சொல்வார். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஜூனில் மண்ணைக் கொத்தி இடிபாட்டை அள்ளுங்கள், தொழு உரம் சேர்த்து மட்டம் செய்யுங்கள். முதல் பெருமழை பெய்து களை எடுத்த பிறகு டப்பாவைத் திறவுங்கள்.